அமினோ அண்ணாச்சி

அந்த டப்பாவக் கொஞ்சம் காட்டுங்க சார். பறிச்சிட்டு ஓடிர மாட்டேன், பயப்படாதீங்க. திருமங்கலம் வர்ற வரைக்கும் பஸ் நிக்காது, நான் எங்க ஓடுறது? எழுத்தப் பாத்துட்டா என் கண்ணு சும்மா இருக்காது. தொழில் அப்படி.

யாருக்கு, மகளுக்கா? பரிச்சைக்குப் படிக்கிறாளா? நல்லது. ‘மூளை நலத்துக்கும் கூர்ந்த கவனத்துக்கும் அமினோ அமிலம்.’ ம். இங்க பாருங்க, ‘நிணைவாற்றல்’னு போட்டிருக்கான். மூணு சுழி ண. ரெண்டு சுழிதான் சார் வரணும். ஞாபகத்துக்கு மருந்து விக்கிறவன், நினைவுக்கு எத்தனை சுழின்னு மறந்துட்டான்.

சிரிக்கிறீங்க. நானும் இதத்தான் சாப்பிட்டேன். முழுசா எட்டு மாசம். இதே கம்பெனி இல்ல, ஆனா சரக்கு இதுதான், டைரோசின். வேலை செய்யுமான்னு கேக்குறீங்களா? செய்யும். என்ன, யாருக்குச் செய்யும்னுதான் சொல்ல முடியாது. அத நான் கண்ணால பாத்தவன்.

என் பேரு செண்பகமூர்த்தி. சிவகாசியில தினசரி காலண்டர் அடிக்கிற பிரஸ்ல புரூப் பாக்குறேன், இருபத்தேழு வருஷமா. காலையில எந்திரிச்சு ஒரு தாள் கிழிக்கிறீங்கள்ல, அதுல இருக்கிற ராகு காலம், எமகண்டம், சூலம், நட்சத்திரம், ராசிபலன், அடியில ஒரு பொன்மொழி, இம்புட்டும் என் கண்ணு வழியாத்தான் உங்க வீட்டுச் சுவருக்கு வருது. நீங்க அதக் கிழிச்சு வடைக்கு எண்ணெய் ஒத்தி எடுப்பீங்க. பரவாயில்ல.

புரூப் பாக்குறதுங்குறது ரெண்டு ஆள் வேலை. ஒரு ஆள் அச்சடிச்ச தாள சத்தமா வாசிக்கணும். இன்னொரு ஆள் எழுதி வந்த மூலத்துல விரல ஓட்டிக்கிட்டே ஒப்பிட்டுத் திருத்தணும். வாசிக்கிறது பேச்சியம்மா. திருத்துறது நான். திருத்துறதுதான் மூளை வேலை, வாசிக்க யாரு வேணாலும் வாசிக்கலாம். எட்டாப்பு வரைக்கும் படிச்ச பொம்பள அது. என்ன விட அஞ்சாறு வயசு சின்னது. சும்மா வாசிக்காது சார், ஒரு ராகமா இழுக்கும். ‘மேஷம் லாபம், ரிஷபம் சினம், மிதுனம் வரவு, கடகம் அசதி’ன்னு ஊஞ்சல் ஆடுற மாதிரி போகும். போகும்போதே டக்குன்னு நிறுத்திரும். ‘அண்ணாச்சி, இந்த இடம் தட்டுதே’ங்கும். நான் உடனே அந்த இடத்தப் பாப்பேன். பாத்தா அங்க பிழை இருக்கும். விட மாட்டேன், கண்டுபிடிச்சிருவேன்.

இப்படிப் போய்க்கிட்டிருந்த வண்டிதான். போன வருஷத்துக்கு முந்தின மார்கழியில தடம் புரண்டுச்சு. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மிட்டாய்க்கடைக்கு மூவாயிரம் காலண்டர். மேலே கடை பேரு, கீழே ‘அசல் நெய் இனிப்புகளுக்கு எங்களை நாடுங்கள்’. பாத்தேன், திருத்துனேன், கையெழுத்துப் போட்டு மிஷினுக்கு அனுப்பிட்டேன். அச்சாகிப் போனது என்ன தெரியுமா? ‘அசல் நோய் இனிப்புகளுக்கு எங்களை நாடுங்கள்.’

கடைக்காரரு நேர்லயே வந்துட்டாரு. சண்டை போடுவாருன்னு பாத்தா, ஒரு லட்டு டப்பாவத் திறந்து என் மேசையில வச்சாரு. ‘சாப்பிடுங்க. நோய் வருதான்னு பாத்துட்டுப் போறேன்’னாரு. நான் ரெண்டு சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு, ஏலக்காய் தூக்கலா.

அந்த வாரம் பேச்சியம்மா மகளுக்குப் பேறுகாலம். அது லீவுல இருந்துச்சு. அது வேற விஷயம்.

எங்க மொதலாளி ஜெயக்கொடி, சத்தமாப் பேசத் தெரியாத மனுஷன். ‘செண்பகமூர்த்தி, போனது கண்ணா கவனமா, அத மட்டும் சொல்லுங்க’ன்னாரு. கண் டாக்டர்ட்டப் போனேன். கண்ணு கழுகு மாதிரி இருக்குன்னுட்டாரு. அப்ப மிச்சம் கவனம்தானே?

என் வீட்டுக்காரி ராஜகனிக்கு ஒரு தம்பி, பொன்ராம்னு பேரு. விருதுநகர்ல ஜிம் வச்சிருக்கான். அவன்தான் இந்த டப்பாவக் கொண்டாந்தான். ‘அத்தான், மூளைக்குள்ள ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்குச் சேதி போகுதுல்ல? அந்தச் சேதிக்காரன உண்டாக்குற சாமான் இது. அமினோ அமிலம். வெறும் வயித்துல ஒண்ணு போடுங்க, கவனம் ஊசி மொனையில நிக்கும்’னான்.

ராஜகனி அடுப்படியில இருந்தே கேட்டா: ‘பத்தாப்பு மூணு தடவ எழுதுனவன் நீ. ஒனக்கு எங்கடா நின்னுச்சு?’

நான் அவசரப்படுற ஆள் இல்ல சார். எங்க தெரு டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டேன். அவரு டப்பாவத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ‘இது நீங்க சாப்பிடுற பருப்பு, பால், முட்டை எல்லாத்துலயும் இருக்கு. ஒழுங்காச் சாப்பிடுற ஆளுக்குத் தனியா வேணும்னு இல்ல. மொதல்ல நல்லாத் தூங்குங்க’ன்னாரு. பாத்தீங்களா, டாக்டரே ஒத்துக்கிட்டாரு, பருப்புல இருக்கிற சாமான்தான்னு. மறுநாளே ஆரம்பிச்சிட்டேன்.

மூணே நாள். அந்த மாற்றத்த எப்படிச் சொல்ல? ஊர்ல இருக்கிற அத்தனை பிழையும் என்னப் பாத்து ‘வாங்க, வாங்க’ன்னு கைகாட்டுது. பஸ் போர்டு, டீக்கடைப் பலகை, மருந்துச் சீட்டு, ஒண்ணையும் விடல. ராஜகனி எழுதிக் குடுத்த சாமான் லிஸ்ட்ல ‘வெந்தியம்’னு இருந்துச்சு. ‘வெந்தயம்’னு திருத்துனேன். ‘சக்கரை’ய ‘சர்க்கரை’ ஆக்குனேன். பன்னிரண்டு பிழை சார். கடை வரைக்கும் நடந்துக்கிட்டே திருத்திட்டு, வீட்டுக்குத் திரும்பி வந்து அவ கையில நீட்டுனேன். ‘சாமான் எங்க?’ன்னா.

இன்னொரு நாள், முக்குல ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ‘நல்லமுத்து’ங்குறத ‘நலமுத்து’ன்னு அடிச்சிருந்தான். செத்த மனுஷனுக்கு ஒரு மெய்யெழுத்துகூட மிச்சம் வைக்கலையேன்னு மனசு கேக்கல. சிவப்புப் பேனாவ எடுத்து ‘ல்’ போட்டேன். போட்டுட்டுத் திரும்புனா, பின்னாடி அவரு மகனுக மூணு பேரு. மூத்தவரு என் கையப் பிடிச்சாரு. ‘அப்பா பேர ஒழுங்கா எழுதுன ஒரே ஆளு நீங்கதான்’னு சொல்லுவாருன்னு நெனச்சேன். அவரு சொன்னது வேற. அத பஸ்ல சொல்ல முடியாது.

அதுலதான் பிரஸ்ல எனக்கு அமினோ அண்ணாச்சின்னு பேரு வந்துச்சு. மரியாதையாத்தான் கூப்பிடுறாங்க.

இவ்வளவு கவனம் வந்ததுக்கு அப்புறம் சார், பேச்சியம்மா வாசிக்கிற சத்தம் இடைஞ்சலாப் போச்சு. நான் எழுத்துல ஊசி மாதிரி நிக்கிறேன், அது பக்கத்துல ஊஞ்சல் ஆடுது. மொதலாளிட்டப் போய், ‘இனி எனக்கு வாசிக்க ஆள் வேணாம், தனியாவே பாத்துருவேன்’னேன். அவருக்கு நம்பிக்கை இல்ல. ஒரு பக்கத்துல வேணும்னே ஒம்பது பிழை வச்சு அடிச்சுக் குடுத்தாரு. நான் பதினொண்ணு பிடிச்சேன். ரெண்டு அவருக்கே தெரியாம விழுந்தது. மனுஷன் அசந்துட்டாரு. ஆவணி பொறந்ததும் பேச்சியம்மாவ பைண்டிங்குக்கு மாத்திட்டாரு. தாள அடுக்கி, ஒழுங்கு பாத்து, கம்பி அடிக்கிற எடம்.

அது நாற்காலியில விரிச்சிருந்த துண்ட மடிச்சு எடுத்துக்கிட்டு, ‘வாரேன் அண்ணாச்சி. காத்தாடியப் பெருசா வைக்காதீங்க, தாளு பறக்கும்’னு சொல்லிட்டுப் போயிருச்சு.

ஒரு வாரம் கழிச்சுப் பாக்குறேன், தலைவலின்னு நெத்தியில துணி கட்டியிருக்கு. எனக்குப் பாவமாப் போச்சு. டப்பாவுல இருந்து ஒரு கேப்சூல் எடுத்துக் குடுத்தேன். உள்ளங்கையில வச்சு உருட்டிப் பாத்துச்சு. ‘இதச் சாப்பிட்டா நானும் உங்கள மாதிரி ஆயிருவேனா அண்ணாச்சி?’ன்னு கேட்டுச்சு. ‘ஒரேயடியா ஆக முடியாது, கொஞ்சங் கொஞ்சமா ஆவே’ன்னேன். முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போயிருச்சு. இத நல்லா மனசுல வச்சுக்கிடுங்க சார், முக்கியமான எடம்.

அப்பத்தான் தென்காசி ஜவுளிக்கடை வேலை வந்துச்சு. பன்னிரண்டாயிரம் காலண்டர். கடைக்கு அடுத்த வருஷம் செப்டம்பர் பதினேழோட இருபத்தஞ்சு வருஷம் முடியுது. அதனால அந்த ஒரு நாள் தாள மட்டும் கலர்ல, ‘இன்று எங்கள் வெள்ளி விழா’ன்னு கடை முதலாளி அம்மா அப்பா படத்தோட போடணும்னு கேட்டிருந்தாங்க. அந்தத் தாளத் தனியாப் பிரிச்சு, கலர் மிஷினுக்கு அனுப்பியாச்சு. மிச்சத் தாள் புரூப் என் மேசைக்கு வந்துச்சு.

சார், அந்த மாதிரி நான் வாழ்க்கையில புரூப் பாத்தது இல்ல. ஸ்கேல வச்சு வரி வரியா. புள்ளி, காற்புள்ளி, ஒண்ணு தப்பல. அறையில சத்தமே கிடையாது. ஒரு தடவ எனக்கே என்னமோ மாதிரி இருந்துச்சு. ‘துலாம் அமைதி, விருச்சிகம் போட்டி’ன்னு வாய்விட்டு இழுத்துப் பாத்தேன். டீ கொண்டாந்த ஆளு வாசல்லயே நின்னுட்டாரு. நிறுத்திட்டேன்.

ஐப்பசியில அச்சு முடிஞ்சு பைண்டிங் நடக்குது. ரெண்டாயிரம் கட்டு கம்பி அடிச்சாச்சு. ஒரு மத்தியானம் பேச்சியம்மா கையில ஒரு கட்டோட வந்து நிக்குது.

‘அண்ணாச்சி, மகத்துக்கு அடுத்தது என்ன?’

‘பூரம்.’

‘இங்க உத்திரம்ல நிக்கிது.’

நான் வாங்கிப் பாத்தேன். ‘உத்திரம்னுதான போட்டிருக்கு? எழுத்து சரியாத்தான இருக்கு?’ன்னேன்.

‘எழுத்து சரி அண்ணாச்சி. நாளக் காணோம்.’

பாத்தா, செப்டம்பர் பதினாறு. அடுத்த தாள் பதினெட்டு. பதினேழு இல்ல. கலர் மிஷினுக்குப் போன தாளு அங்கயே மேசைக்கு அடியில கட்டுக்கட்டாக் கெடக்கு, திருப்பிக் கொண்டாந்து யாரும் சேக்கல. பேச்சியம்மா தாள அடுக்குறப்பவும் உதட்டுக்குள்ளயே அஸ்வினி, பரணின்னு இழுத்துக்கிட்டே அடுக்கும்போல. பழக்கதோஷம். அங்க போய்த் தட்டியிருக்கு.

பைண்டிங்குக்கு ஓடுனேன், மொதலாளியும் வந்தாரு. கட்டப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. நான் உள்ளத உள்ளபடி சொன்னேன். ‘மொதலாளி, என் கைக்கு வந்தது முந்நூத்தி அறுபத்தி நாலு தாளு. முந்நூத்தி அறுபத்தி நாலுலயும் ஒரு பிழை காட்டுங்க, நான் இப்பவே வெளிய போறேன். இல்லாத தாள்ல நான் எப்படிப் பிழை கண்டுபிடிக்கிறது?’ன்னேன். நியாயமான கேள்வி இல்லையா சார்?

அவரு பதினாறாந் தாளையும் பதினெட்டாந் தாளையும் இன்னொரு தடவ புரட்டிப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு: ‘செண்பகமூர்த்தி, உங்க வீட்டுல ஒரு பிள்ளை காணாமப் போனாலும், இருக்கிற பிள்ளைக சட்டையில பொத்தான் சரியா இருக்கான்னு பாத்துட்டுப் படுத்துருவீங்கபோல.’

பைண்டிங்ல இருந்த பொம்பளைக அத்தனை பேரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. ஏன்னா அடுத்தாப்புல அவரு, ‘இந்தப் பொங்கலோட நீங்க ஓய்வெடுத்துக்கிட்டா என்ன?’ன்னாரு. சத்தமாத் திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். மெல்லக் கேட்டாரு. இருபத்தேழு வருஷம் சார். எனக்கு வேற என்ன தெரியும்? அங்க கெடந்த தாள் கட்டு மேலயே உக்காந்துட்டேன்.

பேச்சியம்மாதான் பேசுச்சு. ‘மொதலாளி, மொதல்ல இந்த ரெண்டாயிரத்தையும் பிரிச்சுச் சேக்கணும். அண்ணாச்சி கையும் இருந்தா சுருக்கா முடியும். மத்தத அப்புறம் பேசுவோம்’னுச்சு.

ரெண்டு நாள் அவங்களோட தரையில உக்காந்து கம்பியப் பிரிச்சேன். பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவுல பதினேழ வைக்கணும். வைக்க வைக்க அந்த ஜவுளிக்கடை அம்மா அப்பா என்னையே பாத்துக்கிட்டிருக்காங்க. எம் பக்கத்துல இருந்த ஒரு பொண்ணு, ‘அமினோ அண்ணாச்சி, உங்க டப்பாவுல எங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு குடுங்க, சீக்கிரம் முடிச்சிருவோம்’னா. ‘அதெல்லாம் வேணாம், அண்ணாச்சியே போதும்’னு பேச்சியம்மா சொல்லுச்சு. எனக்காகப் பேசுச்சா, என்னையக் குத்திச் சொல்லுச்சான்னு இன்னிக்கு வரைக்கும் பிடிபடல. ரெண்டாம் நாள் சாயங்காலம் கடைசிக் கட்டு முடிஞ்சுச்சு. மிச்சப் பத்தாயிரமும் கம்பி அடிச்சு முடிஞ்சதும் லாரி கிளம்பிருச்சு. தென்காசிக்காரங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

அப்புறம் மொதலாளி பேச்சியம்மாவக் கூப்பிட்டு, ‘நீ பழைய எடத்துக்கே வந்துரும்மா’ன்னாரு. வாரேன்னுச்சு. ஆனா ஒண்ணு சொல்லுச்சு: ‘அண்ணாச்சி இருக்கட்டும். ஆனா வாசிக்கிறது அண்ணாச்சி. பேனா என் கையில.’

மொதலாளி சரின்னுட்டாரு. ஏன்னு எனக்குத் தெரியும். என் குரல் கணீர்னு இருக்கும். சின்ன வயசுல மைக்ல பேசுவேன். வாசிக்கிறதுதான் சார் பெரிய வேலை. மூச்ச அடக்கணும், அழுத்தம் குடுக்கணும். திருத்துறது யாரு வேணாலும் திருத்தலாம்.

ஆனா நீங்க கவனிச்சீங்களா? பேச்சியம்மா எப்படி அந்த நாளக் கண்டுபிடிச்சுச்சு? இருபது வருஷமா என் பக்கத்துல உக்காந்திருந்தப்ப ஒரு பிழைகூடத் தானாக் கண்டுபிடிச்சது கிடையாது. ‘தட்டுது, தட்டுது’ன்னுதான் சொல்லும். திடீர்னு எப்படி வந்துச்சு? அந்த ஒரு கேப்சூல்தான் சார்! வேற என்ன?

பேச்சியம்மாகிட்டயே கேட்டேன். ‘அதையா அண்ணாச்சி? முந்தானையில முடிஞ்சு வச்சு மறந்துட்டேன். சேலையத் துவைக்கையில கரைஞ்சு போச்சு’ங்குது. சேலையில கரைஞ்சா என்ன, அந்தச் சேலையத்தானே கட்டுச்சு? தோல் வழியா எறங்கியிருக்கும். பொன்ராம்கூட சிரிச்சான். அவன் சிரிச்சா சரியா இருக்கும்னு அர்த்தமா? ராஜகனி மட்டும், ‘அப்ப இனிமே உங்களுக்கு மாத்திரை வேணாம், டப்பாவோட வேட்டியில ஊற வச்சுக் கட்டி விடுறேன்’னா.

நான் நிறுத்திட்டேன் சார். கேப்சூல் குத்தம் இல்ல. வாசிக்கிறவனுக்கு அம்புட்டுக் கவனம் ஆகாது. கூர்மை கூடிப் போச்சுன்னா பிழையையும் திருத்தியே வாசிச்சுப்புடுவோம். அப்புறம் பேச்சியம்மாவுக்கு எப்படித் தட்டும்?

இப்ப எங்க போறேன்னு கேக்குறீங்களா? பழங்காநத்தம். பேச்சியம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி ரெண்டு வாரம் ஆச்சு. மதுரையில மக வீட்டுல இருக்கு. கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கு, கொஞ்ச நாளைக்கு எதையும் உத்துப் பாக்காதன்னு அதோட டாக்டர் சொல்லியிருக்காராம். ஆடிப் பதினெட்டுக்குப் அடுத்த வருஷக் காலண்டர் மாடல்கள வெளியிடணும், புரூப் மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு. மொதலாளி புதுசா ஒரு பட்டதாரிப் பொண்ணப் போட்டாரு. தமிழ்ல எம்.ஏ. நல்ல பொண்ணு. நாள் முழுக்க வாசிச்சேன். ஒரு எடத்துலகூடத் தட்டல அதுக்கு. எனக்கு அன்னிக்குத் தூக்கம் வரல.

இந்தப் பைக்குள்ள புரூப்தான். லீவு போட்டுட்டு எடுத்துட்டுப் போறேன். வேலைக்காக இல்ல சார். நோயாளி, அதுக்குப் பொழுது போகணும்ல? போன வாரமும் போனேன். அது கட்டில்ல சாஞ்சுக்கிட்டுக் கேட்டுச்சு, பேரப்பிள்ள மடியில தூங்குது, நான் அறுபது தாள் வாசிச்சேன். ஏழு எடத்துல நிறுத்துச்சு. ஏழுலயும் பிழை இருந்துச்சு, பேனா அன்னிக்கு என் கையிலதானே, பிடிச்சிட்டேன்.

கிளம்புறப்ப, ‘அடுத்த வாரமும் எதுக்கு அண்ணாச்சி இந்த வெயில்ல? போன்லயே வாசிச்சாப் போதுமே, எனக்குக் காது போதும்’னுச்சு.

நல்ல கதையா இருக்கே! போன்ல வாசிச்சா மொகம் தெரியுமா? அதுக்குத் தட்டுறது வாயில வர்றதுக்கு ஒரு நொடி முந்தியே மொகத்துல வந்துரும் சார். எம்புட்டுப் பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டாலும், அதுக்கு மேல வலது புருவம் மட்டும் ஒரு நூல் ஏறும். இருபது வருஷமா பக்கத்துல உக்காந்துருந்தும் நான் அதப் பாத்தது இல்ல. இப்பத்தான் பாக்குறேன். அந்தப் புருவத்துலயே கண்ண வச்சுக்கிட்டு வாசிக்கணும், ஏறுன எடத்துல நானே நிறுத்திரணும். ‘எப்படி அண்ணாச்சி கண்டுபிடிச்சீங்க?’ன்னு அது கேக்கணும்.

கண்டக்டர், பழங்காநத்தம் எறக்கம் ஒண்ணு இருக்கு. கொஞ்சம் முட்டிய ஒதுக்குங்க சார், பை கசங்கிரும்.